மாடியில் மணி அடிக்கிறது

செப்டம்பர் 3, செவ்வாய்

இந்த டைரியைக் கொடுத்தவர் சுகுமாரன். இந்த முதியோர் இல்லத்துக்கு உரிமையாளர், மேலாளர், காலைப் பிரார்த்தனைக்குப் பாடகர் எல்லாம் அவரே. "மனசுல இருக்கறத அப்படியே எழுதிப் போடுங்கம்மா, பாரம் கொறையுமுங்க" என்றார். ஏதோ உரக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு விவசாயக் குறிப்பு. தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டு முட்டுக் கொடுக்க வேண்டுமாம் இன்றைக்கு. எனக்கும் ஒரு வாக்கரைக் கொடுத்திருக்கிறார்கள்.

மனத்தில் இருப்பதை எழுதினால் சுகுமாரன் டைரியைத் திரும்பக் கேட்பார். கேட்கட்டும்.

நான் எமரன்சியா. வயது எழுபத்தேழு. திருச்சி தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் கால் ஆபரேட்டராகச் சேர்ந்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவள். ஜூன் மாதம் சேலத்தில் மகன் அமலன் வீட்டுக் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது, இந்த அம்மாதான் எழுந்து நடக்க மாட்டேன் என்கிறார் என்று டாக்டர் என் முன்னாலேயே அவனிடம் புகார் சொன்னார். அவன் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. அதனால் கோயம்புத்தூரைத் தாண்டி, ஆனைகட்டி சாலையில், மலையடிவாரத்தில் இருக்கும் இந்த இடத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறான். எழுபதைத் தாண்டியவர்களைச் சேர்த்து வைத்திருக்கும் கட்டடத்துக்கு ‘இளவேனில்’ என்று பெயர். வைத்தவரைப் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

போகும்போது அமலன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "படி மட்டும் ஏறிட்டீங்கன்னா கிறிஸ்துமஸுக்கு வீட்ல இருப்பீங்கம்மா. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான். தலையை ஆட்டினேன். கிறிஸ்துமஸுக்குள் இங்கிருந்து கிளம்பிவிடுவேன். நடந்தோ, பெட்டியிலோ.

செப்டம்பர் 5, வியாழன்

காலையில் உப்புமா. சுவரொட்டி ஒட்டலாம். சாப்பிடவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதாவின் பிறந்தநாள். பூசை கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு நாடகம் பார்த்தேன்.

என் அறையில் இன்னொரு கட்டிலில் இருப்பவள் பழனாத்தாள். அன்னூர்ப் பக்கத்துத் தோட்டக்காரி, என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். வாரம் முழுக்கத் தண்ணீர் வாளியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறாள். வேலி தாண்டி வரும் ஆட்டைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாள். இன்று காலை பத்து மணிக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்தாள். முனகல் ஆரம்பித்தது. பதறிப்போய் ஆளைக் கூப்பிடலாமா என்று கேட்டால், ஒரு கண்ணைத் திறந்து, "ஒண்ணுமில்லீங்கக்கா, ஞாயித்துக்கெழமைங்" என்றாள்.

விஷயம் இதுதான். ஞாயிறு பார்வையாளர் நாள். பிள்ளைகள் வரும்போது நன்றாக நடமாடிக்கொண்டிருந்தால், ‘நல்லாத்தானே இருக்கீங்க’ என்று வாழைப்பழச் சீப்பைக் கையில் கொடுத்துவிட்டு உடனே கிளம்பிவிடுவார்களாம். படுத்து முனகினால் கட்டிலில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுப் போவார்களாம். "நல்லாருந்தா எவனுங்கக்கா பக்கத்துல ஒக்காருவான்?" என்கிறாள். இவள் மட்டும் இல்லை, இல்லம் முழுக்க இதே கதை. ஆறு நாள் சீட்டு விளையாடுகிறவர்கள் ஏழாம் நாள் குற்றுயிராகக் கிடக்கிறார்கள். வெட்கம் கெட்ட கூட்டம்.

மதியம் அமலன் போன் செய்தான். இந்த மலையடிவாரத்தில் செல்போன் எடுபடாது. மாடியில் சுகுமாரனின் அலுவலகத்தில் ஒரு தொலைபேசி, கீழே ஹாலில் அதன் கிளை. வருகிற அழைப்பை மேலே எடுத்து, ஒரு பொத்தானை அழுத்திக் கீழே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதிலும் பாதி அழைப்புகளை அவர் அறுத்துவிடுகிறார். நான் தூங்குவதாகச் சொல்லச் சொன்னேன். அதையாவது சரியாகச் சொன்னாரோ என்னவோ.

செப்டம்பர் 12, வியாழன்

சிரிப்புப் பயிற்சி. வட்டமாக உட்கார வைத்து, கையைத் தூக்கி ஹா ஹா, கையை இறக்கி ஹோ ஹோ. சுகுமாரன் நடுவில் நின்று கிழவர்களைச் சிரிக்கவைக்கிறார். என்னிடம் வந்து, "ஒரே ஒரு ஹா சொல்லுங்கம்மா" என்றார். நான் வந்த நாளிலிருந்து யாரிடமும் அதிகம் பேசவில்லை. இன்று பேசினேன். "எதுக்கு?" என்றேன். அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிட்டார்.

செப்டம்பர் 19, வியாழன்

பிசியோதெரபிப் பெண் வந்து கேட் வரைக்கும் நடக்கச் சொன்னாள். கேட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கேட்தான் இருக்கிறது என்றாள். அதை இங்கிருந்தே பார்க்க முடிகிறதே என்றேன்.

கஞ்சி அரை டம்ளர்.

செப்டம்பர் 25, புதன்

இன்னும் தூக்கம் வரவில்லை. கோபத்தில்தான்.

இங்கே தாமோதரன் என்று ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். கடன் கேட்டு வந்தவரிடம் பேசுவதுபோல எல்லாரிடமும் பேசுகிற மனிதர். எனக்குப் பிடிக்காது. பெங்களூரில் இருக்கும் மகன் புதன்கிழமை வருகிறான் என்று இரண்டு நாளாக இல்லத்தின் பூனைக்குக்கூடச் சொல்லிவிட்டார். இன்று காலையிலேயே முழுக்கைச் சட்டை, தேய்த்த பேன்ட், வாசலில் நாற்காலி. மதியம் சாப்பிட வரவில்லை. "அவன் வந்துட்டா சேர்ந்து சாப்பிடலாம் மேடம்" என்றார். நாலு மணிக்குத் தூறல் போட்டது. அப்போதும் உள்ளே வரவில்லை.

ஐந்து மணிக்கு சுகுமாரன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். தாமோதரனைப் பார்த்ததும் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அடடா, உங்க பையன் காத்தாலயே போன் பண்ணுனாருங்க சார். ஏதோ மீட்டிங்காம், வர முடியலைன்னு சொல்லச் சொன்னாருங்க. மறந்தே போச்சுங்க" என்று சிரித்தார். மேலே மணி அடித்தது, திரும்ப ஓடிவிட்டார்.

தாமோதரன் பரவாயில்லை என்றார். சட்டையின் கைப் பொத்தானைக் கழற்றினார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். எழுந்து உள்ளே வர மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. என் பிரிவில் ஒரு பெண் ஒரு தகவலை இப்படி விழுங்கியிருந்தால் அந்த நிமிடமே ஹெட்செட்டைக் கழற்றி வாங்கியிருப்பேன். நேராகப் போய்ச் சுகுமாரன் மேசை முன்னால் நின்றேன்.

"தகவல் வந்தா என்ன செய்யணும்? எழுதணும், திருப்பிச் சொல்லிச் சரிதானான்னு கேக்கணும், உடனே ஆள்கிட்ட சேக்கணும். காலையில வந்த தகவல சாயங்காலம் சிரிச்சுக்கிட்டே சொல்றீங்களே, உங்களுக்குச் சாப்பாடு இறங்குதா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏனுங்கம்மா... நீங்க எப்படி மேல வந்தீங்க?"

"பேச்ச மாத்தாதீங்க."

அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். வாக்கர் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டிருந்தது. இறங்கும்போது பயமாக இருந்தது. சுகுமாரன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. அவமானம்.

செப்டம்பர் 26, வியாழன்

உடம்பு முழுக்க வலி. இட்லி நாலு. கோபப்பட்டால் பசிக்கும், வேறொன்றும் இல்லை.

சுகுமாரன் வந்து மன்னிப்புக் கேட்டார். "எனக்கு மளிகை பாக்கோணும், தண்ணி லாரிக்குச் சொல்லோணும், நடுவுல இந்த போனும் அடிச்சா என்னங்கம்மா பண்றது?" என்று புலம்பினார். பார்க்கத் தெரியாதவர் தள்ளி நிற்க வேண்டும் என்றேன். பேச்சு வளர்ந்து, காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் நான் மாடியில் உட்கார்ந்து போன் பார்ப்பது என்று முடிந்தது. ஞாயிறு எனக்கு விடுமுறை. ஒரே ஒரு நிபந்தனை, என் பிள்ளையிடம் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுப் படியை அவன் கண் முன்னால் ஏறிக் காட்ட வேண்டும். அம்மாவை மூட்டை கட்டிக் கொண்டுவந்து இறக்கியவன் கொஞ்சம் வாயைப் பிளக்கட்டும்.

அக்டோபர் 4, வெள்ளி

தினமும் இரண்டு தடவை ஏறி இறங்குகிறேன். காலையில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக. மாலையில் அவ்வளவு நேரம் ஆவதில்லை. பிசியோதெரபிப் பெண் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறாள். எதற்குக் கெடுக்க வேண்டும்.

அலுவலகத்தில் மேசை என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை. மூன்று வருடத்து நாள்காட்டித் தாள்கள், மூக்குப்பொடி டப்பா, போன் கம்பியில் சிக்கிய சாவிக்கொத்து. எல்லாவற்றையும் அள்ளி, மூலையில் கிடந்த சுகுமாரனின் கட்டிலில் போட்டேன். மதியத் தூக்கத்துக்கு வந்தவர் திகைத்து நின்றார்.

அக்டோபர் 17, வியாழன்

இங்கே இருப்பவர்களுக்கு வருகிற அழைப்புகள் குறைவு. ஏன் நீங்களாகக் கூப்பிடக் கூடாது என்றால், ‘அவங்க வேலையா இருப்பாங்க’ என்று ஒரே பாட்டு. கோழைகள். ஆகவே பழைய முறையைக் கொண்டுவந்தேன். யாருக்கு யாருடன் பேச வேண்டுமோ என்னிடம் பதிவு செய்ய வேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் என்று மூன்று வகை, அந்தக் காலத்து டிரங்க் கால் போலவே. பிள்ளையை நான் பிடிப்பேன்.

பிடிக்கும் விதம் சுலபம். "வணக்கம். கோயம்புத்தூர் இளவேனில்லேர்ந்து ஆபரேட்டர் பேசறேன். உங்க தாயார் லைன்ல இருக்காங்க. பேசுங்க." அவ்வளவுதான். சாக்குச் சொல்ல இடைவெளி கொடுக்கக் கூடாது. கம்பெனியில் நூறு பேரை மேய்க்கிறவனும் ஆபரேட்டர் பேசுங்கள் என்றால் பேசிவிடுகிறான். சொன்னதும் நான் என் ரிசீவரை வைத்துவிடுவேன். ஒட்டுக் கேட்கிறவளை நான் ஆபரேட்டர் என்றே சொல்ல மாட்டேன். மூன்று நிமிடம் ஆனதும் உள்ளே நுழைந்து, "மூணு நிமிஷம் முடிஞ்சுது, நீட்டிக்கணுமா?" என்று பிள்ளையிடம் கேட்பேன். வேண்டாம் என்று இதுவரை ஒருவன் சொன்னதில்லை. ஆபரேட்டர் காது கேட்க அம்மாவை வேண்டாம் என்று சொல்லக் கூச்சம்.

பழனாத்தாள் பேசுவதை ஒட்டுக் கேட்க வேண்டியதே இல்லை. அன்னூருக்குப் போன் இல்லாமலே கேட்கும். "ஏங்கண்ணு, தின்னியாடா? எருமை கன்னு போட்டுதா?" என்று அரை மணி நேரம். படிக்கட்டெல்லாம் அதிர்கிறது.

தாமோதரன் மின்னல் அழைப்பு பதிவு செய்தார். யாருக்கோ உயிர் போகிறது என்று மற்ற எல்லாரையும் நிறுத்திவிட்டு பெங்களூரைப் பிடித்துக் கொடுத்தேன். நகவெட்டி வேண்டுமாம். இறங்கிப் போய்த் திட்டினேன். "நீங்க திட்டறது கேட்டாத்தான் மேடம் ஆபீஸ்ல இருக்கற மாதிரி இருக்கு" என்றார். பல்லைக் காட்டிக்கொண்டு.

அக்டோபர் 27, ஞாயிறு

நான் செய்த வேலைக்குத் தண்டனை. போனில் பேசிப் பேசிப் பிள்ளைகளுக்கு உறுத்தல் வந்து, இன்று வாசலில் கார் நிறுத்த இடம் இல்லை. உள்ளே எல்லாக் கட்டிலிலும் முனகல். சாப்பாட்டு அறையில் நான் ஒருத்திதான் உட்கார்ந்து சாப்பிட்டேன். கோழிக்குழம்பு. சமையல்காரருக்கு உப்பு எது காரம் எது என்று தெரியாது. இரண்டாவது முறை போட்டுக்கொண்டது சரிபார்க்கத்தான்.

அமலன் போன் செய்தான். ஞாயிறு மதியம் பூசை முடிந்து வந்து கூப்பிடுவான், சுகுமாரன் கீழே அனுப்புவார். "எப்படிம்மா இருக்கீங்க?" "இருக்கேன்." "நடக்கறீங்களா?" "நடக்க வைக்கறாங்க." "குரல் நல்லாருக்கேம்மா?" "லைன் நல்லாருக்கு" என்றேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. காலை ஆறு மணிக்கே பதிவு செய்ய வரிசை. துபாய், மஸ்கட், ஓசூர், பல்லடம். இரவுச் சாப்பாடு வரை சீட்டைவிட்டு எழவில்லை. பழனாத்தாள் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து முறுக்கும் காபியும் வைத்துவிட்டுப் போனாள். முறுக்கு கல். நாலு தின்றேன். குரல் கட்டிவிட்டது. பேசிக் குரல் கட்டி எத்தனை வருடம் ஆயிற்று!

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். திருச்சிக்குப் போய் என் வீட்டுக்காரர் கல்லறையில் அமலன் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பான். விட்டுவிடுகிற பிள்ளை இல்லை. அதுதான் சங்கடம்.

நவம்பர் 10, ஞாயிறு

அமலன் பேசினான். "உங்க ரூம ரெடி பண்ணிட்டேன்மா. பாத்ரூம்ல கைப்பிடி வெச்சாச்சு, வழுக்காத டைல்ஸ் போட்டாச்சு. ஜன்னலுக்கு டபுள் கண்ணாடி. ரோட்டுச் சத்தம் ஒரு பொட்டு கேக்காது. நிம்மதியா இருக்கலாம்." அவன் குரலில் அவ்வளவு பெருமை. நல்லது என்றேன்.

காலை எட்டு மணிக்கு அவனும் விண்ணரசியும் வேலைக்குக் கிளம்புவார்கள். விண்ணரசி மூன்று டப்பாவில் சாப்பாடு மூடி வைத்துவிட்டுப் போவாள். நல்ல பெண், மருமகள் என்று சொல்லிக் குறை கண்டுபிடிக்க முடியாது. மீனில் முள்ளைக்கூட எடுத்துவிட்டு வைப்பாள். இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். நடுவில் அந்த வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. செல்போன் வைத்திருக்கிறவர்கள் வீட்டில் மணிகூட அடிப்பதில்லை. நான் டி.வி.யை அணைத்துவிட்டு, என் தொண்டை வேலை செய்கிறதா என்று பார்க்க ‘வணக்கம்’ என்று சொல்லிப் பார்ப்பேன். அந்த அறைக்கு இப்போது இரட்டைக் கண்ணாடி.

இதை எழுத ஆரம்பிக்கவில்லை. இரவுச் சப்பாத்தியைப் பற்றி எழுத வந்தேன். செருப்புத் தைக்கலாம்.

நவம்பர் 20, புதன்

ரவிக்கைகள் எல்லாம் இறுக்கிப் பிடிக்கின்றன. துணி துவைக்கிறவள் வெந்நீரில் போட்டுச் சுருக்கிவிட்டாள். சொல்லிவைக்க வேண்டும்.

டிசம்பர் 1, ஞாயிறு

பதினைந்தாம் தேதி வருகிறானாம். கையோடு கூட்டிப்போக. வாசலில் மாட்டப் பெரிய ஸ்டார் வாங்கிவிட்டானாம். "ஏறிருவீங்கம்மா, எனக்கு நம்பிக்கை இருக்கு. அன்னைக்கு ரெண்டு படி ஏறிக் காட்டினாப் போதும், மூணு மாடிக்கும் நான் பிடிச்சுக்கறேன்" என்றான்.

பார்க்கலாம் என்றேன்.

நினைத்தபடியேதான் எல்லாம் நடக்கிறது. வாயைப் பிளக்கவைக்கப் போகிறேன். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். இரவு சாப்பாடு இறங்கவில்லை. குருமாவில் ஏதோ கோளாறு.

டிசம்பர் 3, செவ்வாய்

செய்தி பரவிவிட்டது. இங்கே ரகசியம் என்று சொல்லிவைத்தால் சமையலறை வழியாகப் போய்வரும். தாமோதரன் மாடிப்படி அடியில் நின்று, "நீங்க போயிட்டா யாரு மேடம் லைன் குடுப்பாங்க?" என்றார். சுகுமாரன் குடுப்பார் என்றேன். கைப் பொத்தானைத் திருகிக்கொண்டு போனார். இப்போதெல்லாம் தினமும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறார். எரிச்சலாக வந்தது.

"உங்களுக்குன்னு ஒரு கால் கூடப் போட்டதில்லையே மேடம்?" என்றும் கேட்டார். ஊழியர் சொந்த அழைப்புக்கு லைனைப் பயன்படுத்தக் கூடாது. அது விதி. வங்கிக்காரருக்கு விதி புரிய வேண்டாமா?

டிசம்பர் 10, செவ்வாய்

சுகுமாரனுக்கு ஒரு வாரமாகப் பயிற்சி கொடுக்கிறேன். எழுது, திருப்பிச் சொல், சேர். குழந்தைகூடக் கற்றுக்கொள்ளும். இன்று பழனாத்தாளின் மகன் நாளைக்கு வருவதாகச் சொன்னதை எழுதினார், திருப்பியும் சொன்னார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். சொல்லித் திருந்தாத பிறவி. இவரை நம்பியா இத்தனை பேரை விட்டுவிட்டுப் போவது?

அதாவது, யார் போனாலும் என்ன. பொதுவாகச் சொல்கிறேன்.

டிசம்பர் 13, வெள்ளி

விளக்கை அணைக்கப் போகிற நேரத்தில் பழனாத்தாள் தானாகப் பேச்சை எடுத்தாள். "ஏனுங்கக்கா, முனகறதுன்னா தொண்டைல இருந்து முனகப்படாதுங்கோ. இடுப்புல இருந்து வரோணும். கண்ண இறுக்கி மூடீரப்படாது, பாதி தெறந்து வெச்சுக்கோணும்."

"நான் எதுக்கு முனகணும்?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேனுங்க."

இவளுக்கு நடிப்புப் பள்ளி வைக்கிற எண்ணம்போல. நான் கேட்கவே இல்லை. இடுப்பிலிருந்தாம்.

டிசம்பர் 15, ஞாயிறு

அமலன் பதினொரு மணிக்கு வந்தான். கையில் காலிப் பெட்டி, விண்ணரசி கொடுத்தனுப்பிய பிளம் கேக், எனக்குப் புது செருப்பு. நான் கட்டிலில் படுத்திருந்தேன். தலையில் பழனாத்தாளின் துண்டு. கோழித் தீவன வாடை அடிக்கிற துண்டு.

"என்னம்மா ஆச்சு?" என்று அங்கேயே பெட்டியைக் கீழே போட்டான்.

"இடுப்பு" என்றேன்.

கட்டிலில் உட்கார்ந்தான். காலைப் பிடித்துவிட்டான். பழனாத்தாள் சொன்னது அப்பட்டமான உண்மை, அப்படியேதான் செய்கிறார்கள். எதிர்க் கட்டிலிலிருந்து அவள் எனக்குத் துணையாக முனகினாள், கொஞ்சம் அதிகமாகவே. சிறிது நேரம் கழித்து அமலன் தயங்கித் தயங்கி, "ரெண்டே படி ஏறிப் பாக்கலாமாம்மா? முடியலன்னா விட்ருவோம்" என்றான்.

ஹாலில் எல்லாரும் செத்தது போல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தாமோதரன் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் தினமும் ஏறுகிற படியில் வலது காலை வைத்தேன். அமலன் ஒரு கையால் முழங்கையையும் ஒரு கையால் முதுகையும் தாங்கிக்கொண்டான். சின்ன வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது அவனை நான் இப்படித்தான் பிடித்துக்கொண்டு ஓடினேன். இடுப்பிலிருந்து முனகினேன். "முடியலப்பா" என்றேன். அழுகை வந்துவிட்டது. நிஜமான அழுகை. நடிப்புக்கு உதவட்டும் என்று விட்டுவிட்டேன்.

"சரிம்மா, சரிம்மா. பரவால்லம்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முனகுகிறவர்களை வெட்கம் கெட்டவர்கள் என்று இந்த டைரியில் எங்கோ எழுதியிருக்கிறேன். கிழித்துப் போடுவதாக இல்லை. எழுதியது சரிதான். நானும் ஒருத்தி.

காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். கார் வளைவு திரும்பும் வரை படுத்திருந்தேன்.

மதியம் பாயசம். யார் சொல்லிச் செய்தார்கள் என்று தெரியவில்லை. தித்திப்பு அதிகம். தாமோதரன் தன் பங்கையும் என் பக்கம் நகர்த்திவைத்தார். கோமாளிகள்.

இதோடு நிறுத்தியிருப்பேன். மாலை விஷயத்தை எழுதியாக வேண்டியிருக்கிறது.

ஆறு மணி இருக்கும். மாடியில் மணி அடித்தது. ஞாயிறு எனக்கு விடுமுறை. சுகுமாரன் எடுக்கட்டும் என்று இருந்தேன். அவர் கேஸ் சிலிண்டர் தேடி வெளியே போயிருந்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. யாரோ, எங்கிருந்தோ, யாருக்காகவோ கூப்பிடுகிறார்கள். அடிக்கிற மணியைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. படி ஏறிப் போய் எடுத்தேன்.

"வணக்கம், இளவேனில். யாரோட பேசணும்?"

"அம்மா?" என்றான் அமலன்.

லைனை அறுத்திருக்கலாம். இங்கே பாதி அழைப்பு அறுவது வழக்கம், சுகுமாரன் தலையில் போயிருக்கும். விரல் அந்தப் பொத்தானுக்குப் போகவில்லை.

"இந்த போன் மாடியிலதானம்மா இருக்கு?" என்றான்.

நின்றபடியே நிமிர்ந்துகொண்டேன். "அவங்க கீழ படுத்திருக்காங்க. ஆபரேட்டர் பேசறேன். தகவல் ஏதாவது சொல்லணுமா?" குரல் நடுங்கியது. இந்தத் தொழிலில் குரல் நடுங்கக் கூடாது.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. கைக்குட்டை வைத்துக்கொள் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், கேட்டால்தானே.

"சொல்லணுங்க" என்றான் கடைசியில். "சேலம் வந்து சேந்துட்டேன்னு சொல்லுங்க. கிறிஸ்துமஸுக்கு நானும் விண்ணரசியும் அங்க வரோம்னு சொல்லுங்க. ஸ்டாரையும் எடுத்துட்டு வந்து அங்கேயே மாட்டறோம். அப்புறம்..."

"ம். சொல்லுங்க."

"இடுப்பு குணமாக ஒண்ணும் அவசரமில்லைன்னு சொல்லுங்க. எவ்வளவு நாள் வேணும்னாலும் எடுத்துக்கட்டும்."

"திருப்பிச் சொல்றேன்" என்றேன். "சேலம் வந்து சேந்தாச்சு. கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பேரும் வர்றீங்க, ஸ்டாரோட. இடுப்பு குணமாக..." அங்கே நின்றுவிட்டேன். தகவலை முழுதாகத் திருப்பிச் சொல்ல முடியாதவளை நான் ஒரு நாளும் சீட்டில் உட்காரவிட்டதில்லை. "...அவசரமில்லை. சரியா?"

"சரிங்க."

அதற்குப் பிறகு சொல்ல அவனுக்கும் எதுவும் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் அவன் வைக்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மூணு நிமிஷம் முடிஞ்சுது. நீட்டிக்கணுமா?"

"நீட்டிங்கம்மா" என்றான்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.